புகழடையாத கருவியும் பூமிக்கடியிலிருந்த செல்வமும்

தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது நீரோடு வெளிவந்த கறுத்த பொருளை ஜம்புலிங்க முதலியார் அலட்சியம் செய்யாமல் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுசென்றதும், 1956-இல் அங்கே அமைந்த நிலக்கரி நிறுவனம் நிலத்தடி ஊற்றுநீரை இடைவிடாது இறைத்தே பழுப்பு நிலக்கரியை அகழ்ந்தெடுத்ததும் நெய்வேலியின் சரித்திரம். பிரசித்தியில்லாததையும் பரீட்சித்துப் பார்க்கும் அந்த மனோபாவத்தையே இவ்வூரில் கணினி பயிலும் இளைஞரிடமும் வேண்டுகிறேன்.

இணையச் செயலி எழுதுவோர் உள்நுழைவு, தரவுத்தளம், படிவம் முதலிய அடிப்படைக் காரியங்களை ஒவ்வொரு முறையும் ஆதியிலிருந்து எழுதாதிருக்க உதவும் ஆயத்த அமைப்பையே ‘ஃபிரேம்வொர்க்’ என்கிறோம். ஜாங்கோ, லாராவெல் ஆகியவற்றின் கீர்த்தி உலகறிந்தது. மும்பையில் ருஷப் மேத்தாவும் அவர் குழுவினரும் பைத்தானையும் ஜாவாஸ்கிரிப்டையும் கொண்டு படைத்த ‘ஃபிரப்பே’ அத்தனை பரிச்சயமானதன்று.

ஆயினும் அதன் சிறப்பு அற்பமானதன்று. பண்டகசாலைப் பதிவேடு ஒன்றுக்கு என்னென்ன விவரங்கள் வேண்டுமென்று ‘டாக்டைப்’ என்னும் வரையறையில் ஒருமுறை குறித்துவிட்டால், தரவுத்தள அட்டவணை, நிரப்பும் படிவம், பட்டியல், பிற செயலிகளோடு தொடர்புகொள்ளும் வாயில் யாவும் அதிலிருந்தே உருவாகின்றன. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற விதிகளையும் அங்கேயே வகுக்கலாம். கணக்கையும் சரக்கிருப்பையும் நிர்வகிக்கும் ‘ஈஆர்பிநெக்ஸ்ட்’ இதன்மீதே எழுந்தது. மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. உரிமக் கட்டணமும் இல்லை.

இதற்கே உரிய மரபுகளைக் கற்க ஆரம்பத்தில் சிரமம் உண்டு. தமிழில் வழிகாட்டி நூல்களும் பெருக வேண்டும். ஆகவே, பள்ளி நூலகத்தின் இரவல் பதிவேடு போன்ற சிறு காரியமொன்றை முதலில் அமைத்துப் பாருங்கள்; கற்றதைத் தமிழில் எழுதி வையுங்கள். பொறுமையோடு தோண்டியவர்க்கே இந்த மண் ஒளி தந்தது.