"மெடிகேர் எடுத்துக்குவீங்களா?" டாக்டர் ஆபீஸில் இந்த ஒரு கேள்வி மட்டும் போதாது!

அமெரிக்காவில் அப்பா, அம்மாவைக் கூடவே வைத்திருக்கும் நம்ம மக்களுக்காக இந்தப் பதிவு. வீடியோவில் வேகமா சொல்லிட்டுப் போன விஷயத்தை இங்கே கணக்கோடு பார்க்கலாம்.

கிரீன் கார்டு வாங்கி, தொடர்ந்து 5 வருஷம் இங்கேயே இருந்து, 65 வயதும் ஆகிவிட்டால் பெற்றோர் மெடிகேரில் சேரலாம். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது. கார்டு கைக்கு வந்ததும் அடுத்த வேலை, சுகர், பிரஷர் எல்லாத்தையும் ஒரே இடத்தில் தொடர்ந்து கவனிக்க வீட்டுப் பக்கத்திலேயே ஒரு இன்டர்னல் மெடிசின் டாக்டரைப் பிடிப்பது.

போன் போடுறீங்க. "மெடிகேர் எடுத்துக்குவீங்களா?" "எடுத்துக்குவோம்." நிம்மதி. ஒரு மாசம் கழித்து எதிர்பார்க்காத ஒரு பில் வருது. அவங்க பொய் சொல்லவில்லை. நாம கேட்ட கேள்விதான் பாதிக் கேள்வி.

முதலில்: உங்க வீட்டில் இருப்பது எந்த மெடிகேர்?

அரசாங்கம் அனுப்பும் சிவப்பு, வெள்ளை, நீல நிற கார்டை மட்டும் காட்டி டாக்டரைப் பார்த்தால் அது ஒரிஜினல் மெடிகேர். இதில் டாக்டர் செலவைப் பார்ப்பது பார்ட் பி. தனியார் கம்பெனி கார்டைக் காட்டிப் பார்த்தால் அது மெடிகேர் அட்வான்டேஜ். இதற்குத் தனி நெட்வொர்க் உண்டு. ஒரிஜினல் மெடிகேர் வாங்கும் டாக்டர் உங்க அட்வான்டேஜ் பிளானை வாங்காமல் இருக்கலாம். ஹெச்எம்ஓ வகை பிளான் என்றால், எமர்ஜென்சி தவிர, நெட்வொர்க்குக்கு வெளியே போனால் பெரும்பாலும் முழுச் செலவும் நம்ம தலையில்தான்.

நம்ம பெற்றோருக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. அவர்களோ அவர்கள் துணையோ இங்கே 40 குவார்ட்டர், அதாவது சுமார் 10 வருஷம், வேலை செய்து வரி கட்டியிருந்தால்தான் பார்ட் ஏ இலவசம். இல்லையென்றால் பணம் கட்டணும், 2025ல் அது மாசம் 518 டாலர் வரை இருந்தது. அதனால் பலர் பார்ட் பி மட்டும் எடுப்பாங்க (2025ல் வழக்கமான ப்ரீமியம் 185 டாலராக இருந்தது). டாக்டரைப் பார்க்க அது போதும். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் செலவுக்குப் பார்ட் ஏ வேணும். அட்வான்டேஜ் பிளானில் சேரவும் ஏ, பி இரண்டும் வேணும்.

டாக்டர்களில் மூணு வகை

ஒரிஜினல் மெடிகேரில் இருப்பவர்கள் இதைத்தான் கவனமா பார்க்கணும். ஒரு விசிட்டுக்கு மெடிகேர் ஒத்துக்கொள்ளும் தொகை 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருஷ டிடக்டிபிள் (2025ல் 257 டாலர்) ஏற்கெனவே கட்டியாச்சு.

1. பார்ட்டிசிபேட்டிங் டாக்டர்: மெடிகேர் சொல்லும் தொகைதான் இவரோட முழு ஃபீஸ். இதைத்தான் "அசைன்மென்ட் ஏற்பது" என்பார்கள். மெடிகேர் 80 சதவீதம், அதாவது 120 டாலர் தரும். உங்க பங்கு 30 டாலர்.

2. நான்-பார்ட்டிசிபேட்டிங் டாக்டர்: இவருக்கு மெடிகேர் ஒத்துக்கொள்ளும் தொகையே 5 சதவீதம் குறைவு, அதாவது 142.50. அசைன்மென்ட் ஏற்காதபோது அதற்கு மேல் 15 சதவீதம் வரை அவர் கூட்டி வாங்கலாம், சுமார் 164 டாலர். சில மாநிலங்களில் இதைவிடக் குறைந்த வரம்பு உண்டு. மெடிகேர் 114 டாலர்தான் திருப்பித் தரும். மீதி சுமார் 50 டாலர் உங்களுடையது. முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

3. ஆப்ட்-அவுட் டாக்டர்: மெடிகேரை விட்டே வெளியே வந்தவர். தனி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார். அவர் 300 டாலர் கேட்டால் 300ம் உங்க பாக்கெட்டிலிருந்துதான். மெடிகேரிலிருந்து ஒரு பைசா திரும்ப வராது.

எங்கே தேடுவது?

மெடிகேரின் அரசாங்க இணையதளத்தில் "கேர் கம்பேர்" என்று ஒரு பகுதி இருக்கு. உங்க ஜிப் கோடு போட்டு, இன்டர்னல் மெடிசின் என்று தேடுங்க. மெடிகேர் தொகையை ஏற்பவரா என்று அங்கேயே காட்டும். அட்வான்டேஜ் என்றால் பிளானின் டாக்டர் லிஸ்ட்டைப் பாருங்க. அந்த லிஸ்ட் பழசாகவும் இருக்கலாம், அதனால் டாக்டர் ஆபீஸிலும் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

யாரும் கிடைக்கவில்லையா? பக்கத்து கம்யூனிட்டி ஹெல்த் சென்டரைப் பாருங்க. ஃபெடரல் தகுதி பெற்ற சென்டர்கள் மெடிகேர் வாங்கும், அங்கே தரும் அடிப்படை சிகிச்சைக்குப் பார்ட் பி டிடக்டிபிளும் கிடையாது. ஃபேமிலி மெடிசின் டாக்டரும் பெரியவர்களைப் பார்ப்பார். குழப்பமா இருந்தால் 1-800-633-4227க்குக் கூப்பிடுங்க. ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கும் "ஷிப்" ஆலோசனை மையமும் இலவசம். அவங்க எந்த பிளானையும் விற்க மாட்டாங்க.

போனில் கேட்க வேண்டியது

- புதுசா மெடிகேர் பேஷண்ட் சேர்க்கிறீங்களா? (பழைய ஆட்களை மட்டும் பார்க்கிற ஆபீஸ்களும் உண்டு.)
- இந்த டாக்டர் எல்லா விசிட்டுக்கும் அசைன்மென்ட் ஏற்பாரா? அட்வான்டேஜ் என்றால், கார்டில் இருக்கும் பிளான் பெயரை அப்படியே படித்துக் காட்டி, "நெட்வொர்க்கில் இருக்கீங்களா?"
- வருஷ மெம்பர்ஷிப் ஃபீஸ் ஏதாவது இருக்கா? (அதை மெடிகேர் தராது.)
- முதல் அப்பாயின்ட்மென்ட் எப்போ கிடைக்கும்? தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் ஏற்பாடு பண்ணுவீங்களா?

பேசினவர் பெயர், தேதி இரண்டையும் எழுதி வையுங்க.

முதல் விசிட்டில் ஒரு சின்ன எச்சரிக்கை

பார்ட் பி தொடங்கி முதல் 12 மாசத்துக்குள் "வெல்கம் டு மெடிகேர்" விசிட், அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு "வெல்னஸ் விசிட்". அசைன்மென்ட் ஏற்கும் டாக்டரிடம் இரண்டுமே இலவசம். ஆனால் தலை முதல் கால் வரை பார்க்கும் "பிசிகல்" இதில் சேராது. புக் பண்ணும்போதே சரியான பெயரைச் சொல்லுங்க. அன்றைக்கே முட்டிவலியையும் காட்டினால் அதற்குத் தனி பில் வரலாம்.

இவ்வளவு பார்க்கணுமா என்று தோணலாம். காரணம் பணம் மட்டும் இல்லை. ஒரு பெரிய பில்லைப் பார்த்துவிட்டால் நம்ம பெரியவங்க அடுத்த தடவை வலியைச் சொல்லவே மாட்டாங்க. "பிள்ளைக்கு எதுக்கு செலவு" என்று மறைச்சிடுவாங்க. பத்து நிமிஷ போன் கால் அதைத் தடுக்கும்.

அட்வான்டேஜ் பிளான் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7க்குள், நம்ம டாக்டர் அடுத்த வருஷமும் நெட்வொர்க்கில் இருக்காரா என்று மறக்காமல் பார்த்துடுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.