கையகலத் தொடுபரப்பு

1989-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சிகாகோ மகிழுந்துக் கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் சிறிய ஊர்தி ஒன்றை உலகுக்குக் காட்டியது. இரண்டே இருக்கைகள், மடக்கி வைக்கத்தக்க துணிக்கூரை, முன்புறம் 1.6 லிட்டர் பொறி, பின்சக்கரங்களுக்கு உந்துவிசை, ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. எம்எக்ஸ்-5 என்னும் பெயர் பூண்ட அவ்வூர்தியை அமெரிக்கர் மியாட்டா என்றும் ஜப்பானியர் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அழைத்தனர். அதன் பொறியின் உச்சத்திறன் 116 குதிரைத்திறன். நேர்ச்சாலையில் அதனை முந்தவல்ல மகிழுந்துகள் அன்றே பல இருந்தன. ஆயினும் 2016 ஏப்ரலில் அதன் பத்து இலட்சமாவது ஊர்தி ஆலையினின்று வெளிவந்தது. இரட்டை இருக்கை கொண்ட விரைவு மகிழுந்துகளுள் மிகுதியாக விற்பனையானது என்னும் கின்னஸ் சான்றும் அதற்கு உரித்தாயிற்று.

இம்மகிழுந்தை வைத்திருப்போர் பெரும்பாலும் பந்தய வீரர் அல்லர். திங்கள் முதல் வெள்ளி வரை அதில் அலுவலகம் செல்வர். விடுமுறை நாளில் வெற்று ஊர்தி நிறுத்துமிடத்தில் கூம்புகள் நட்டு நடத்தப்படும் ஆட்டோகிராஸ் போட்டிக்கு அதே ஊர்தியை ஓட்டிச் செல்வர். வாங்கியதை வாங்கியவாறே விட்டுவைக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. டயரை மாற்றுவர், சுருள்வில்லை மாற்றுவர், சிலர் டர்போவும் பொருத்துவர். ஒரு பெரும் பொறியியற் குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கிய ஒன்றைத் தனியொருவர் தம் வீட்டுக் கொட்டகையில் மேம்படுத்த இயலுமா? இவ்வினாவுக்கு இயற்பியல் தரும் விடை சுவையானது.

பிடிப்பின் வரவு செலவு

ஓட்டுநரோடு சேர்த்து ஊர்தியின் எடையை 1000 கிலோ எனக் கொள்வோம். பொறியை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி அமைத்ததனால், முன்னும் பின்னும் எடை ஏறத்தாழச் சரிபாதியாகப் பகிரப்பட்டிருக்கிறது. எனவே ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் 250 கிலோ, அதாவது 2450 நியூட்டன் விசை. ஆலை பரிந்துரைத்த டயர் அழுத்தம் 26 பிஎஸ்ஐ, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,80,000 நியூட்டன். விசையை அழுத்தத்தால் வகுத்தால் 136 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. டயரின் பக்கச்சுவரும் சிறிது சுமை தாங்குவதால் இது தோராயமான கணக்கே. எனினும் விரித்த கை ஒன்றின் பரப்பளவே ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு என்பது தெளிவாகிறது.

முடுக்கம், நிறுத்தம், திருப்பம் ஆகிய மூன்றும் இந்நான்கு கையகலப் பரப்புகளின் வழியாகவே நிகழ்கின்றன. ஒரு டயர் தரவல்ல மொத்தப் பிடிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதில் ஒரு பகுதியை நிறுத்தத்துக்குச் செலவிட்டால் எஞ்சியதே திருப்பத்துக்குக் கிட்டும். வளைவின் நடுவே கடுமையாகப் பிரேக்கை மிதிப்பவரின் ஊர்தி, திசைமாற்றி வட்டினைத் திருப்பியும் திரும்பாமல் நேரே வழுக்கிச் செல்வதற்கு இதுவே காரணம். ஆதலின் எந்த மாற்றத்தையும் எடைபோட ஒரே அளவுகோல் போதும்: இத்தொடுபரப்பில் அது என்ன செய்கிறது?

இவ்வகையில் முதலிடம் பெறுவது டயரே. ரப்பர் சாலையின் நுண்மேடுகளில் படிந்து, மெல்லத் தன் வடிவத்துக்கு மீள்கிறது. அந்த மந்தமான மீட்சியில் இழக்கப்படும் ஆற்றலும், ரப்பர் மூலக்கூறுகள் சாலையோடு கொள்ளும் ஒட்டும் சேர்ந்தே பிடிப்பாகின்றன. மென்மையான ரப்பர் மிகுதியாகப் பிடிக்கும், விரைவில் தேயும், குளிர்காலக் காலையில் இறுகிப்போய்ப் பிடிப்பை இழக்கும். அகலமான டயரைப் பொருத்தினால் தொடுபரப்பு பெருகும் என்பது பரவலான எண்ணம். சுமையும் அழுத்தமும் மாறாதிருந்தால் பரப்பும் பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவமே குறுகி நீண்டதிலிருந்து அகன்று நீளம் குறைந்ததாகிறது. அவ்வடிவம் வளைவுகளில் உதவும். மழைநீர் தேங்கிய சாலையிலோ அகன்ற டயர் நீரைப் பிளந்து ஒதுக்க இயலாமல் முன்னதாகவே மிதக்கத் தொடங்கும்.

தாழ்த்தலும் இறுக்கலும்

ஊர்தி வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களின் சுமை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு இடம்பெயர்கிறது. இடம்பெயரும் அளவு நிறை, பக்கவாட்டு முடுக்கம், நிறைமையத்தின் உயரம், இடவலச் சக்கர இடைவெளி ஆகிய நான்கினால் முடிவாகிறது. நிறைமையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், சக்கர இடைவெளி 1.42 மீட்டர் எனவும், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் எட்டுப் பங்கு எனவும் கொண்டால், ஏறத்தாழ 280 கிலோ இடம்பெயர்கிறது. உட்பக்க இரு சக்கரங்களிலும் சேர்த்து எஞ்சுவது 220 கிலோ. வெளிப்பக்கத்தில் 780 கிலோ.

சுமை கூடினால் டயரின் பிடிப்பும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. எனவே ஓர் அச்சின் இரு டயர்களும் சமமாகச் சுமக்கையில் கிடைக்கும் மொத்தப் பிடிப்பைவிட, ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் சுமக்கையில் கிடைப்பது குறைவு. சக்கரங்களை ஊர்தி உடலோடு இணைக்கும் தாங்கமைப்பின் பொறியியல் நுட்பங்களுள் பெரும்பகுதி இவ்வொரு பண்பிலிருந்தே கிளைக்கிறது.

இனி, ஆர்வலர் பலரும் முதலில் செய்யும் மாற்றத்தைப் பார்ப்போம். குட்டையான சுருள்விற்களைப் பொருத்தி ஊர்தியை 30 மில்லிமீட்டர் தாழ்த்துகின்றனர். மேற்கண்ட கணக்கில் 280 கிலோ 265 கிலோவாகக் குறைகிறது. ஆதாயம் ஆறு விழுக்காடு. இழப்பு யாது? சக்கரம் மேலெழுவதற்கு இருந்த இடைவெளியில் 30 மில்லிமீட்டர் போய்விட்டது. வளைவின் நடுவே மேடொன்று குறுக்கிட்டால், தாங்கமைப்பு தன் இறுதித் தடுப்புக் கட்டையில் முட்டுகிறது. அந்நொடியில் சுருள்வில்லின் நெகிழ்ச்சி மறைந்து விறைப்பு பன்மடங்காக உயர, வெளிப்பக்க டயரின் மேல் சுமை திடுமென ஏறிப் பிடிப்பு அறுபடும்.

இதனைத் தவிர்க்க விறைப்பான வில் வேண்டும். வில்லின் விறைப்பை இருமடங்காக்கினால் ஊர்தி உடலின் இயல்பு அதிர்வெண் இரண்டின் வர்க்கமூல மடங்காக உயரும், நொடிக்கு 1.2 அலைவு என்றிருந்தது 1.7 ஆகும். அவ்வலைவை முன்போல் அடக்க அதிர்வடக்கியின் வலிமையும் 1.4 மடங்காதல் வேண்டும். வில்லை மட்டும் மாற்றிப் பழைய அதிர்வடக்கியை விட்டுவைத்த ஊர்தி, ஒரு மேட்டைக் கடந்தபின் பலமுறை துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் டயரின் மேல் சுமை ஏறி இறங்கும். பந்தயத் தளத்தின் வழுவழுப்பில் மறைந்திருக்கும் இக்குறை, குண்டும் குழியுமான சாலையில் வெளிப்படையாகும். மெத்தென்ற வில் ஏற்றிய ஊர்தி அங்கே இறுக்கமான ஊர்தியைவிட விரைவாகவும் நம்பிக்கையோடும் செல்வது வியப்பன்று.

எம்எக்ஸ்-5-ஐ வடிவமைத்த தோஷிஹிக்கோ ஹிராய் தலைமையிலான குழு, நான்கு மூலைகளிலும் மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டைக் கவைக் கரங்களை அமைத்தது. உடல் சாயும்போதும் வெளிச்சக்கரம் சாலையோடு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்குமாறு காப்பது அவ்வமைப்பின் பணி. இத்தகைய வடிவக் கணக்கு ஒரு குறிப்பிட்ட உயரத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. உயரம் மாறினால் கரங்களின் கோணங்கள் மாறும். எனவே ஊர்தியைத் தாழ்த்தியவர் சக்கரங்களின் சாய்வையும், முன்னோக்கி அவை குவியும் கோணத்தையும் மீண்டும் சீர்செய்தாக வேண்டும்.

காற்றை அமுக்குதல்

பொறியின் வலிமை அது விழுங்கும் காற்றின் நிறையைப் பொறுத்தது. நான்கடிச் சுழற்சிப் பொறி இரு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உள்ளிழுக்கிறது. 1.6 லிட்டர் பொறி நிமிடத்துக்கு 6500 சுற்றில் ஏறத்தாழ 5200 லிட்டர், அதாவது ஆறு கிலோவுக்கும் சற்று மேற்பட்ட காற்றை உண்ணும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது வேதியியல் வகுத்த விகிதம். ஆகவே காற்று பெருகாமல் எரிபொருளை மட்டும் பெருக்கிப் பயனில்லை.

காற்றைப் பெருக்கும் நேர்வழி டர்போ. வெளியேறும் புகையின் ஆற்றலால் ஒரு சுழலியை இயக்கி, அச்சுழலியால் உட்புகும் காற்றை அமுக்கும் உத்தி அது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்காக அமுக்கினால் காற்றும் ஒன்றரை மடங்காகும் என்று தோன்றும். ஆனால் அமுக்கப்படும் காற்று சூடேறும். 27 பாகை செல்சியசில் புகும் காற்று, அமுக்கியின் திறமை 70 விழுக்காடு எனக் கொண்டால், ஏறத்தாழ 80 பாகையில் வெளிவரும். சூடான காற்று விரிவதால் அடர்த்தி 28 விழுக்காடே உயர்ந்திருக்கும். இடையே ஒரு குளிர்விப்பானை வைத்து 45 பாகைக்குக் கொணர்ந்தால் அது 41 விழுக்காடாகும்.

சிக்கல் இத்துடன் தீர்வதில்லை. இப்பொறியின் உருளைக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை 9.4-இல் ஒரு பங்காக ஏற்கெனவே அமுக்கப்படுகிறது. டர்போ அமுக்கியதை அது மேலும் அமுக்கும்போது, தீப்பொறி மூட்டிய சுடர் வந்தடையுமுன் கலவையின் ஒரு மூலை தானே வெடித்தெழும். அவ்வதிர்ச்சி உந்துருளையை உடைக்கவல்லது. தடுக்க வேண்டுமாயின் தீமூட்டும் நேரத்தைப் பின்தள்ள வேண்டும். எரிபொருளைச் சற்று மிகுதியாகத் தெளிக்க வேண்டும். அதற்குப் பெரிய தெளிப்பான்களும் திருத்திய மின்னணுக் கட்டுப்பாடும் வேண்டும். மிகுந்த திருப்புவிசையைத் தாங்கக் கிளட்ச் வலுப்பெற வேண்டும். மிகுந்த வெப்பத்தைக் கழிக்க நீர்க்குளிர்விப்பானைப் பெரிதாக்க வேண்டும். ஒரு கருவியை வாங்கியவர் ஆறேழு கருவிகளை வாங்கி முடிப்பது இதனால்தான். இத்தனைக்குப் பின்னும் அவ்வலிமை சாலையைச் சேரும் இடம் பின்னிரு டயர்களின் அதே கையகலப் பரப்பு.

வெப்பத்தின் கணக்கு

பெரிய பிரேக் வட்டுகள் ஊர்தியை விரைந்து நிறுத்தும் என்பதும் பலரது நம்பிக்கை. மணிக்கு 100 கிலோமீட்டரில் விரையும் 1000 கிலோ ஊர்தியின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 386 கிலோஜூல். உராய்வுக் கெழு ஒன்று எனின், அது நிற்கத் தேவையான தொலைவு 39 மீட்டர். இத்தொலைவைத் தீர்மானிப்பது டயர். ஆலை பொருத்திய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் வலிமை உடையதாயின், அதனினும் பெரியது ஒருமுறை நிறுத்தத்தில் எதையும் கூட்டித் தராது.

வேறுபாடு தோன்றுவது பத்தாம் முறை நிறுத்துகையில். நான்கு வட்டுகளும் சேர்ந்து 20 கிலோ வார்ப்பிரும்பு எனக் கொண்டால், ஒவ்வொரு நிறுத்தமும் அவற்றின் வெப்பநிலையை ஏறத்தாழ 42 பாகை உயர்த்தும். ஆறவிடாமல் பத்துமுறை நிறுத்தினால் நானூறு பாகையைத் தாண்டும். அவ்வெப்பம் பிரேக் நீர்மத்துக்கும் பரவும். டாட் 4 வகை நீர்மம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்கலாகாது என்பது தரவிதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடைய அது, 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்த நீர்மத்தில் எழும் ஆவிக்குமிழ்கள் அமுங்குவதால், மிதி தரைவரை சென்றும் பிரேக் பிடிக்காது. பழைய நீர்மத்தை வடித்துப் புதியதை நிரப்பும் எளிய பராமரிப்பு, விலையுயர்ந்த வட்டுகளுக்கு முன் செய்யத்தக்கது. முப்பது ஆண்டு அகவை எய்திய ஊர்தியின் இணைப்புகளில் இறுகிப்போன ரப்பர்ப் புஷ்களைப் புதுப்பிப்பதும் அத்தகையதே.

வாழ்விடத்தின் வரம்புகள்

அன்றாடச் சாலையில் ஓடும் ஊர்திக்குச் சட்டமும் ஓர் எல்லை. ஜப்பானில் ஊர்தியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். புதிய மகிழுந்துக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறையும் ஆய்வு உண்டு. செருமனியில் ஒப்புதல் பெறாத மாற்றம் ஊர்தியின் இயக்க உரிமத்தையே இழக்கச் செய்யலாம். கலிபோர்னியாவில் மாசைப் பாதிக்கும் உறுப்புகளுக்கு அரசின் விலக்காணை எண் தேவை. புகைக்குழாயின் வினையூக்கி மாற்றியைக் கழற்றுவோர் பெறும் சிறு ஆதாயத்துக்கு விலையாகக் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரசன் ஆக்சைடுகளையும் தெருவார் மூச்சில் வாங்குகின்றனர்.

பாதுகாப்புக்கெனச் செய்யும் மாற்றமும் இடமறிந்து செய்யற்பாலது. கூரையில்லா ஊர்தி கவிழ்ந்தால் தலையைக் காக்க எஃகு வளையம் பொருத்துவர். தலைக்கவசமும் பந்தய வாரும் அணிந்தவருக்கு அது காவல். வெறுந்தலையோடு அலுவலகம் செல்பவருக்கு, பின்னிருந்து மற்றொரு வண்டி மோதும் நேரத்தில் அதே எஃகு இடரும் ஆகலாம். தலைக்கு எட்டும் இடத்தில் திணிப்பு இன்றியமையாதது.

தேர்ந்த ஆர்வலர் ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுவார். அதே தளத்தில், அதே டயர் அழுத்தத்தில் ஓட்டி ஒப்பிடுவார். ஓடி நின்றதும் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்றிடங்களில் வெப்பநிலையை அளப்பார். நடுப்பகுதி மிகச் சூடாயின் காற்று மிகுதி. வெளிவிளிம்பு மிகச் சூடாயின் சக்கரத்துக்கு உட்சாய்வு போதவில்லை. தொடுபரப்பு தன் நிலையைத் தானே கூறும் மொழி அது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். ஹிராய் குழுவினருக்குத் தம் ஊர்தியை யார் வாங்குவார் என்பது தெரியாது. பனி பெய்யும் ஹொக்கைடோவிலும் அனல் வீசும் அரிசோனாவிலும் அது ஓட வேண்டும். டயரின் காற்றை ஒருபோதும் சரிபார்க்காதவரையும் அது காக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு உறுப்பிலும் எல்லார்க்கும் பொதுவான ஓர் இசைவை அவர்கள் தேர்ந்தனர். உரிமையாளருக்கோ ஓட்டுநர் ஒருவர், சாலை தெரிந்தது, பருவம் தெரிந்தது. பொறியாளரினும் அவருக்கு மிகுதியாகத் தெரிந்தது இது ஒன்றே. அவரது மாற்றங்களுக்கு அறிவியல் வழங்கும் உரிமையும் இதன் அளவினதே. தமக்குத் தேவையில்லாத ஒன்றை விட்டுக்கொடுத்துத் தேவையான ஒன்றைப் பெறும் மாற்றம் மேம்பாடு. விட்டுக்கொடுப்பது இன்னதென அறியாமல் செய்யும் மாற்றம், எத்துணை விலை கொடுத்ததாயினும், பிறர் கணக்கிட்டு வைத்த சமநிலையைக் கலைப்பதாகவே முடியும்.