டேனிஷ் கோட்டையின் கீழ்த்தளம்

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிப் பகுதிப் பள்ளிகள் சுற்றுலா போக ஏற்ற இடங்களில் மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியும் ஒன்று. தொல்லியல் துறை அருங்காட்சியகம் இயங்கும் அங்குள்ள டேன்ஸ்போர்க் கோட்டை ஒருகாலத்தில் சிறையாகவும் இருந்தது.

தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-இல் டேனிஷ்காரர்கள் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினர். மேல்தளத்தில் ஆளுநர் வசித்தார். கீழ்த்தளத்தில் சரக்குக் கிடங்கும் வெடிமருந்து அறையும் சிறையும் இருந்தன. மாணவர்கள் பெரும்பாலும் மேல்தளத்தின் பீங்கான் ஜாடிகளையும் வாள்களையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடிவிடுகிறார்கள். கீழே இறங்காமல் திரும்புவது பெரிய இழப்பு. வளைவுக் கூரையும் தடித்த சுவர்களும் கொண்ட அந்த அறைகளில் நிற்கும்போதுதான் அடைபட்டுக் கிடப்பது என்னவென்று பிள்ளைகளுக்கு உறைக்கும்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, ஆளுநரோடு மோதியதால் 1708 இறுதியில் இதே கோட்டையில் நான்கு மாதம் அடைக்கப்பட்டார். விடுதலையான பிறகு அவர் தமிழில் மொழிபெயர்த்து முடித்த புதிய ஏற்பாடு, 1715-இல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. தமிழ் அச்சு வரலாற்றைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறை கிடைப்பது அரிது.

1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். பின்னாளில் பயணியர் விடுதியாகவும் இருந்த கோட்டை, 1970-களின் இறுதியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வந்தது.