பாட்டின் பெயரை எங்கே திருத்துவது?

பாடல் கோப்பின் பெயரை மாற்றிய பிறகும் கணினித் திரையில் பழைய பெயரே வருகிறதே என்று ஆசிரியர்கள் பலர் கேட்கிறார்கள். எம்பி3 கோப்புக்கு உள்ளேயே தலைப்பு, பாடியவர், தொகுப்பு ஆகியவற்றை எழுதிவைக்க ஐடி3 என்ற குறிப்புப் பகுதி உண்டு. பாடல் மென்பொருள் அதைப் படித்து, தன் நூலகத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. சேர்க்கைப் பதிவேட்டை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டில் மட்டும் மாணவர் பெயரைத் திருத்தினால் அடுத்த ஆண்டு பழைய பிழையே திரும்பி வரும் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

எனவே எம்பி3டேக் போன்ற மென்பொருளில் கோப்பின் குறிப்பையே திருத்திச் சேமியுங்கள். பிறகு பாடல் மென்பொருளில் நூலகத்தைப் புதுப்பியுங்கள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்த் தலைப்பு கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் ஐடி3-இன் பதிப்பைப் பாருங்கள். முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட் இடம்தான். ஒருங்குறிக்கு வழியே இல்லை. இரண்டாம் பதிப்பில் ஒருங்குறியில் தமிழை எழுதலாம்.

‘மூன்றாம் வகுப்பு, முதல் பருவம்’ என்று தொகுப்புப் பெயர் இட்டால் பென்டிரைவில் எந்தக் கணினிக்குப் போனாலும் அது கூடவே வரும். நாம் உருவாக்கும் பாடல் பட்டியல் அப்படி வராது. அதைத் தனியே சேமிக்க வேண்டும்.