பாலத்தை யார் கட்டுவது?

இருபது மாணவர்களை மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் ஒரே உலகத்தில் இறக்கிவிட்டு, "எல்லாரும் சேர்ந்து ஓர் ஊர் கட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஊர் எழும்பாது, வீடுகள் எழும்பும். ஒருவன் வானத்தைத் தொடக் கோபுரம் எழுப்புவான். ஒருத்தி தனியே போய்க் கண்ணாடி மாளிகை கட்டுவாள். இன்னொருவன் யாரையும் கேட்காமல் பூமிக்குள் தோண்டிக்கொண்டே போவான். நடுவில் ஓடும் ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். கட்டத்தான் ஆள் இருக்காது.

பிள்ளைகள் கூடி வேலைசெய்யப் பழகுவார்கள் என்பதுதான் இந்த விளையாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்பவர்கள் முதலில் சொல்லும் காரணம். அது நடக்கக்கூடியதுதான். ஆனால், யாருக்கும் யாரும் தேவைப்படாத உலகத்தில் அது தானாக நடக்காது. அந்தத் தேவையை உண்டாக்க வேண்டியவர் ஆசிரியர். அதை உண்டாக்குவதற்கு இந்த விளையாட்டில் இருக்கும் வசதிகள் அபாரமானவை. அவற்றைப் பற்றித்தான் போதுமான அளவு பேசப்படுவதில்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009-ல் வெளியிட்ட இந்த விளையாட்டின் முழுப் பதிப்பு 2011-ல் வந்தது. மண், கல், மரம் எல்லாமே கனசதுரக் கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் என்பது கணக்கு. கட்டைகளைப் பெயர்த்தெடுக்கலாம், அடுக்கலாம், ஒன்றோடொன்று சேர்த்துக் கருவிகள் செய்யலாம். 2011-லேயே நியூயார்க்கில் ஜோயல் லெவின் என்ற கணினி ஆசிரியர் இதைத் தம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். அவரும் ஃபின்லாந்து நாட்டு சான்டெரி கொய்விஸ்டோ முதலியவர்களும் சேர்ந்து பள்ளிகளுக்கென்றே மைன்கிராஃப்ட்எடு என்ற பதிப்பை உருவாக்கினார்கள். 2013-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு பள்ளி, 13 வயது மாணவர்களுக்கு மைன்கிராஃப்டைக் கட்டாயப் பாடமாகவே வைத்தது. மறுவருடம் விளையாட்டையும், 2016-ல் மைன்கிராஃப்ட்எடுவையும் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இப்போது பள்ளிகளில் புழங்கும் கல்விப் பதிப்பு அந்த வழியில் வந்தது.

குழுவாக வேலைசெய்வதில் உள்ள சிக்கல் விளையாட்டைவிடப் பழையது. பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அவர்களுடைய பலத்தை அளந்தார். ஆட்கள் கூடக்கூட மொத்த பலம் ஏறியது, தலைக்கு இவ்வளவு என்ற பங்கோ குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்த பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் தந்தார்கள். 1913-ல் அச்சேறிய இந்த முடிவுக்கு ஒரு காரணம், எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்க முடியாதது. இன்னொரு காரணத்தை 1979-ல் அமெரிக்க உளவியலாளர் பிப் லதானேயும் அவருடைய சகாக்களும் கைதட்டல், கூச்சல் சோதனைகளில் காட்டினார்கள். தன் உழைப்பு தனியாகத் தெரியாது என்று நினைக்கும்போது மனிதர் அடக்கி வாசிக்கிறார். குழுத் திட்டப்பணியில் ஒரு பிள்ளை எழுத, மூன்று பிள்ளைகள் அட்டைப் பக்கத்தில் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வது இதுதான்.

இதற்கு நான் அறிந்தவரை மிகச் சிறந்த மருந்து, 1971-ல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் கண்டறியப்பட்டது. அங்கே பள்ளிகளில் நிறப் பிரிவினை அப்போதுதான் நீக்கப்பட்டிருந்தது. வெள்ளையர், கறுப்பர், லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள், ஓயாமல் சண்டை போட்டார்கள். உதவிக்கு அழைக்கப்பட்ட உளவியலாளர் எலியட் ஆரன்சன், ஒற்றுமையைப் பற்றி அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாக்கினார். ஒருவருடைய வாழ்க்கை வரலாறு பாடம் என்றால், குழுவில் ஒரு பிள்ளையிடம் இளமைப் பருவம் மட்டும் இருக்கும், இன்னொரு பிள்ளையிடம் பிற்காலம் மட்டும் இருக்கும். தேர்வோ முழு வரலாற்றுக்கும். திக்கித் திக்கிப் பேசும் சக மாணவனைக் கேலி செய்தால் அவனிடமுள்ள துண்டு நமக்குக் கிடைக்காது என்று பிள்ளைகளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். சில வாரங்களில் அவர்களுக்குள் பகைமை குறைந்தது, படிப்பும் முன்னேறியது.

இனி மைன்கிராஃப்டுக்கு வருவோம். அதில் கிரியேட்டிவ் என்றொரு முறை உண்டு. அந்த முறையில் எல்லாக் கட்டைகளும் வற்றாமல் கிடைக்கும், பறக்கவும் முடியும். அழகாகக் கட்டிப் பழக அது நல்ல இடம். சேர்ந்து உழைக்கப் பழக அவ்வளவு நல்ல இடமில்லை, ஏனென்றால் அடுத்தவரிடம் கேட்டு வாங்க ஒன்றுமே இல்லை. சர்வைவல் முறையில் கதை வேறு. அங்கே ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம், பகல் வெளிச்சம் அதில் பாதிதான். இருட்டியதும் ஆபத்தான உயிரினங்கள் கிளம்பும். அதற்குள் ஒருவர் மரம் வெட்ட வேண்டும், ஒருவர் கல்லும் கரியும் தோண்ட வேண்டும், ஒருவர் உணவு தேட வேண்டும், ஒருவர் சுவர் எழுப்ப வேண்டும். கரி வந்து சேராவிட்டால் தீப்பந்தம் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் போடும் சத்தம், வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ளும் சத்தம்.

ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கல்விப் பதிப்பில், இந்த இடத்தில் கட்டலாம், இந்த இடத்தில் கட்டக் கூடாது, இந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று உலகத்துக்கே விதி போட முடியும். பொருள்களை ஆளுக்கு ஏற்றபடி பங்கிட்டும் தரலாம். ஒரு பிள்ளையிடம் கல் மட்டும், ஒரு பிள்ளையிடம் மரம் மட்டும். மின்கம்பிபோல் வேலைசெய்யும் ரெட்ஸ்டோன் தூள் மூன்றாமவரிடம். அதன் சமிக்ஞை 15 கட்டைகளுக்கு மேல் போகாது, அப்புறம் அதைப் புதுப்பித்து அனுப்பும் கருவி வேண்டும். அதை நான்காமவரிடம் கொடுத்துவிடுங்கள். இப்போது ஆற்றின் மேல் தூக்குப்பாலம் கேளுங்கள். ஆரன்சனின் துண்டுப் பாடம் கட்டைகளாக மாறி நிற்கும். லதானே காட்டிய சோம்பலுக்கும் இங்கே இடம் குறைவு, கல் வைத்திருப்பவர் கல் போடாவிட்டால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் வருடக்கணக்காக விளையாடிய பிள்ளை வகுப்புக்கு வந்ததும் ராஜாவாகிவிடுவான். மற்றவர்கள் அவனுக்குக் கல் சுமப்பார்கள். கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த பிள்ளையே குழுவில் அதிகம் பேசுவதையும், அதிகம் பேசும் பிள்ளையே அதிகம் கற்பதையும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோஹன் தம் ஆய்வுகளில் காட்டினார். கணினி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அது இல்லாத பிள்ளைக்கும் உள்ள இடைவெளியை இந்த விளையாட்டு அகலப்படுத்திவிடக் கூடாது. எளிய வழி, இருவருக்கு ஒரு கணினி. மௌஸ் விளையாடத் தெரியாத பிள்ளையின் கையில் இருக்கட்டும், தெரிந்தவன் வாயால் மட்டும் வழிசொல்லட்டும், பாதி நேரத்தில் இடம் மாறட்டும். ஐ.நா.வின் மனிதக் குடியிருப்புத் திட்டம் மைன்கிராஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 2012-ல் தொடங்கிய 'பிளாக் பை பிளாக்' திட்டத்தில், நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதி, நேபாளத்தின் கீர்த்திபூர் போன்ற இடங்களில் கணினிப் பழக்கமே இல்லாதவர்கள்கூட இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து தங்கள் பொது இடங்களுக்கு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும் கட்டைகள் புரிந்தன.

சண்டையும் வரும். 2014-ல் டென்மார்க் அரசின் நில அளவைத் துறை தன் நாடு முழுவதையும் உண்மை அளவிலேயே மைன்கிராஃப்டில் உருவாக்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. வெடிமருந்தை முன்கூட்டியே தடுத்தும் வைத்திருந்தது. அப்படியும் சிலர் சுரங்க வண்டியில் வரும் வெடியைப் பயன்படுத்தி ஒரு பகுதியைத் தகர்த்தார்கள். வகுப்பிலும் ஒருவன் கட்டியதை இன்னொருவன் இடிப்பான். அப்போது விளையாட்டை நிறுத்தி, உட்காரவைத்து, இந்த ஊரின் சட்டம் என்ன என்று பிள்ளைகளையே எழுதச் சொல்வதுதான் அன்றைய பாடம். அதற்குப் போகும் அரைமணி நேரத்தை வீண் என்று நினைக்க வேண்டாம்.

மைன்கிராஃப்ட் வகுப்பு நடத்தப்போகும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். எந்தப் பிள்ளையிடம் என்ன இருக்கும் என்று எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே, எந்தப் பிள்ளையிடம் என்ன இருக்காது என்பதையும் எழுதிவிடுங்கள்.