பிடிகொடுக்காத சேறு

தார்ச்சாலை முடிந்து செம்மண் தடம் தொடங்கும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. மழை விட்டுவிட்டுத் தூறுகிறது. எவரும் இன்ஜினை உறுமவிடவில்லை. ஆளுக்கொரு டயரின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வால்வு முள்ளை அழுத்திக் காற்றை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். சாலையில் 32 பிஎஸ்ஐ இருந்த அழுத்தம் 18க்கு வந்ததும் அடுத்த சக்கரத்துக்கு நகர்கிறார்கள். டயரின் பக்கச்சுவர் பிதுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் புதியவர்கள் பஞ்சர் என்றே நினைப்பார்கள். ஃபோர் வீல் டிரைவ் கிளப் ஒன்றின் மழைக்காலப் பயணம் கோவாவில் நடந்தாலும் குடகில் நடந்தாலும் முதல் வேலை இதுதான்.

இந்த விளையாட்டு மழையைத் தேடிப் போகிறது. மலேசியாவில் 1997இல் தொடங்கிய ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போட்டி, வடகிழக்குப் பருவமழை காட்டுத் தடங்களைக் கரைத்துவிடும் ஆண்டுக் கடைசியில் நடப்பது. அதன் இந்தியப் பதிப்பு 2014இல் கோவாவில் தொடங்கியபோது தென்மேற்குப் பருவமழைக் காலத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. போட்டிக் காணொளிகளில் இன்ஜின் அலறும், சேறு ஆளுயரத்துக்குத் தெறிக்கும். குதிரைத்திறன்தான் வண்டியை வெளியே இழுத்துப் போடுகிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் மண் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் வண்டிக்குக் கிடைக்கும் இழுவிசை. அதற்கு மேல் இன்ஜின் கொடுக்கும் சக்தி முழுவதும் மண்ணைக் குழைப்பதிலேயே செலவாகிறது.

மண்ணின் இந்த வலுவைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர், மின்னூட்ட விதி வழியாகப் பள்ளிப் பாடத்தில் நாம் சந்திக்கும் கூலூம். அவர் அடிப்படையில் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர். கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிய அனுபவத்தோடு திரும்பி, 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஓர் ஆய்வுரையை முன்வைத்தார். மண் சரிந்துவிடாமல் நிற்பதற்கு அவர் கண்ட காரணங்கள் இரண்டு. துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிணைப்பு ஒன்று. மேலிருந்து அழுத்தும் எடையால் துகள்களுக்கிடையே உண்டாகும் உராய்வு மற்றொன்று. காய்ந்த மணலில் பிணைப்பு அநேகமாகக் கிடையாது, எல்லாம் உராய்வுதான். நீர் ஊறிய களிமண்ணில் கதை தலைகீழ்.

ஏன் தலைகீழ் என்பதை விளக்க இன்னொருவர் வரவேண்டியிருந்தது. 1920களில், இஸ்தான்புல்லில் பேராசிரியராக இருந்த கார்ல் டெர்சாகி, களிமண்ணுக்குள் சிக்கியிருக்கும் நீரைக் கவனித்தார். களிமண் துகள்கள் இரண்டு மைக்ரானுக்கும் சிறியவை; அவற்றின் இடுக்குகளிலிருந்து நீர் அவசரமாக வெளியேற வழியில்லை. சக்கரம் கடந்துபோகும் ஒன்றிரண்டு நொடியில் வண்டியின் எடை துகள்கள் மேல் இறங்குவதே இல்லை. இடையில் அகப்பட்ட நீர்தான் அதைச் சுமக்கிறது. நீருக்கு உராய்வு ஏது? ஆகவே ஈரக் களிமண்ணில் வண்டி எத்தனை கனமாக இருந்தாலும் பிடிமானம் கூடுவதில்லை. பின்னால் நான்கு பேரை ஏற்றி உட்காரவைத்தால் சக்கரம் இன்னும் ஆழமாகப் புதையும், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது பிணைப்பு மட்டும். அதிலிருந்து கிடைக்கும் இழுவிசை, டயர் மண்ணைத் தொடும் பரப்பைப் பொறுத்தது. இங்கேதான் காற்றை இறக்கும் வேலைக்குப் பொருள் வருகிறது. இரண்டு டன் வண்டியின் எடையை 32 பிஎஸ்ஐ அழுத்தத்தால் வகுத்தால் ஒரு டயருக்குச் சுமார் 220 சதுர சென்டிமீட்டர் தொடுபரப்பு கிடைக்கிறது. 18 பிஎஸ்ஐயில் அதே கணக்கு சுமார் 395 என்கிறது. டயரின் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நடைமுறையில் இந்த எண்கள் சற்று மாறும். ஆனாலும் ஒரு பைசா செலவில்லாமல் பிடிமானத்தை இந்த அளவுக்குக் கூட்டித்தரும் வேறு உபாயம் இல்லை. தடம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் வளர்கிறது. டயர் அகலமாவது கொஞ்சமே. எல்லைக்கு மேல் இறக்கினால் திருப்பத்தில் ரிம்மைவிட்டு டயர் கழன்றுவிடும். திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றடிக்காவிட்டால் டயர் சூடேறி வெடிக்கவும் கூடும்.

மண்ணை முன்கூட்டியே படிக்கவும் ஒரு வழி உண்டு. 1911இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பெர்ட் அட்டர்பெர்க், களிமண் எந்த ஈரத்தில் உதிரும், எந்த ஈரத்தில் குழையும், எந்த ஈரத்தில் ஓடும் என்று எல்லைகளை வகுத்தார். அவற்றில் ஒன்றைக் கையாலேயே சோதிக்கலாம். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையால் கண்ணாடித் தகட்டின் மேல் திரியாக உருட்டவேண்டும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்ததும் திரி நொறுங்கினால் அந்த ஈரம்தான் குழைவின் கீழெல்லை. கட்டுமானப் பொறியியல் மாணவர்கள் இன்றும் ஆய்வகத்தில் செய்யும் சோதனை இது. தடத்தின் ஓரத்தில் மண்ணைக் கிள்ளி விரலிடுக்கில் உருட்டிப் பார்க்கும் ஓட்டுநர் அதன் பெயர் தெரியாமலே அதைச் செய்கிறார். திரி நொறுங்கினால் நம்பி இறங்கலாம். மெழுகாக நீண்டுகொண்டே போனால் யோசிக்கவேண்டும்.

எல்லாக் களியும் ஒன்றல்ல. கோவில்பட்டிக் கரிசலில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் கனிமம் நீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து ஊதிப் பெருக்கும். மழை பெய்த கரிசலில் நடந்தவர்களுக்குக் காலில் அப்பும் மண்ணின் கனம் தெரியும். கோவாவின் செம்மண்ணோ லேட்டரைட் வகை. கேரளத்தின் அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைப் பார்த்து 1807இல் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் பிரான்சிஸ் புக்கானன். இதில் பெரும்பாலும் கயோலினைட் களியும் இரும்பு ஆக்சைடுகளும்தான், அதிகம் ஊதாது. பல இடங்களில் மேலே சில அங்குலம் வழுவழுப்பு, அடியில் கெட்டித் தரை. அப்படிப்பட்ட தடத்தில் உயரமான, ஒடுங்கிய டயர் வழுக்கலைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கி அடித்தளத்தைப் பிடித்துவிடும். அடித்தளமே இல்லாத ஆழச் சேற்றில் அதே டயர் அச்சுவரை புதையும். அங்கே அகல டயர் வேண்டும். ஒடுக்கமா அகலமா என்று கிளப்களில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்தில் இரு தரப்பும் சரிதான், மண்ணைச் சொல்லாமல் பேசுவதுதான் குறை.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்ற பெயரை முழுதாக நம்பிவிடக் கூடாது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் கூழில் நின்றால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும். பாறையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரங்கள் வீணாய்ச் சுற்ற, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் ‘லாக்கர்’ இருந்தால் இரண்டும் சேர்ந்து சுழன்றாகவேண்டும். இல்லாதவர்கள் ஆக்ஸிலேட்டரோடு பிரேக்கையும் மெதுவாக மிதிப்பார்கள். சுற்றும் சக்கரத்துக்குப் பிரேக் ஒரு தடையைக் கொடுக்க, அதே அளவு விசை மறுபக்கமும் போய்ச் சேரும். இன்றைய வண்டிகளில் கணினி செய்யும் வேலையைக் கால் செய்கிறது.

லோ கியர் எதற்கு என்பதும் இதோடு சேர்ந்தது. சுஸுகி ஜிம்னியில் அது சக்கர வேகத்தைப் பாதியாக்கி முறுக்குவிசையை இரட்டிப்பாக்குகிறது. விசையைவிட அந்த நிதானம்தான் சேற்றில் பெரிய லாபம். சக்கரம் உருளும்வரை மண் தாங்கும்; சுற்ற ஆரம்பித்தால் பிணைப்பு அறுந்து மண் கூழாகும். மட் டயரின் ஆழமான பள்ளங்களில் அப்பிய சேற்றை வீசியெறியக் கொஞ்சம் வேகமும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே காலை வைத்திருப்பதில்தான் ஓட்டுநரின் கைதேர்ச்சி தெரியும்.

மண் இப்படிக் கூழாவது காவிரிப் படுகை விவசாயிக்குப் புதிதல்ல. நடவுக்கு முன் தொழி உழவு அடிப்பது இதற்காகத்தான்: ஈர மண்ணை மிதித்து, கலக்கி, அதன் கட்டுமானத்தை உடைத்து, நீர் இறங்காத சேறாக்குவது. ஜீப் வரிசை தடத்துக்குச் செய்வதும் அதுவே, ஆனால் யாருக்கும் வேண்டாத இடத்தில். முதல் வண்டி சிரமமின்றிப் போய்விடும், பத்தாவது மாட்டிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். கூம்பு முனைக் கம்பியை மண்ணில் அழுத்தி எதிர்ப்பைக் குறித்தார்கள். ஒரு வண்டி ஒரே ஒருமுறை கடக்க மண்ணுக்கு வேண்டிய வலுவை ஓர் எண்ணாகவும், ஐம்பது முறை கடக்க வேண்டிய வலுவை வேறோர் எண்ணாகவும் தந்தார்கள். இரண்டாவது எண் எப்போதும் பெரியது.

சேற்றில் பிறந்த இந்த அறிவியல் நிலாவுக்கும் போனது. போலந்தில் பிறந்த மீச்சிஸ்லாவ் பெக்கர், சாலையற்ற தரையில் வண்டிகள் நகர்வதைப் பற்றி 1956இல் வெளியிட்ட நூல் ஒரு துறைக்கே அடித்தளமானது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் அவரது குழு நிலா வண்டியில் பணியாற்றியது. 1971 ஜூலையில் அப்போலோ 15 கொண்டுபோன அந்த வண்டியின் சக்கரங்களில் காற்றே இல்லை. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளால் பின்னிய வலை, அதன் மேல் டைட்டானியப் பட்டைகள். நான்குக்கும் தனித்தனி மோட்டார் என்பதால் டிஃபரன்ஷியல் தொல்லையும் இல்லை. செவ்வாயில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்திக்கு அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஒரு முன்சக்கரம் 2006லேயே செத்துப்போயிருக்க, 2009இல் மேலோடு உடைந்து மென்மணலில் அமிழ்ந்தது. பூமியில் அதே போன்ற மண்ணைக் கலந்து, மாதிரி வண்டியை அதில் புதைத்துப் பல மாதம் ஒத்திகை பார்த்தார்கள். பலனில்லை. 2010 ஜனவரியில் அது இனி நகராது என்று நாசா அறிவித்தது.

கயிறு கட்டி இழுக்க அங்கே இன்னொரு வண்டி இல்லை. கிளப் பயணத்தில் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மீட்புக்குப் பயன்படும் நைலான் கயிறு 30 சதவீதம் வரை நீளக்கூடியது. இரண்டு டன் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறி அதை இழுக்கும்போது இயக்க ஆற்றல் சுமார் 17,000 ஜூல். அதே வண்டியை 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். அவ்வளவும் கயிற்றுக்குள் ஏறுகிறது. கொக்கி பெயர்ந்தால் அது குண்டாகப் பாயும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி, அது முறிந்து பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. வண்டிச் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைத்த மீட்புக் கொக்கியைத் தவிர வேறெதிலும் கயிற்றை மாட்ட விடாத கிளப்தான் நல்ல கிளப். இழுக்கும்போது கயிற்றின் நீளத்துக்குள் ஆட்கள் நிற்கக் கூடாது. கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச்சை மரத்தில் கட்டும்போது அகலப் பட்டை சுற்றவேண்டும். இரும்புக் கயிறு மரப்பட்டையை அறுத்துவிட்டால் மரம் பட்டுப்போகும்.

நாள் முடிந்ததும் கழுவும் வேலை இருக்கிறது, அது அழகுக்கானதல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் வேரை அழுகவைத்துக் காட்டையே காயவைக்கிறது. வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய ஈர மண் அதைப் புதிய இடங்களுக்குக் கொண்டுபோகும் என்பதால் சில வனப்பகுதிகளில் கழுவிவிட்டுத்தான் நுழையவேண்டும். பார்த்தீனியம் மாதிரியான களை விதைகளும் இதே வழியில் பயணிக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைத் தடங்களுக்கும் இந்த ஒழுங்கு வரவேண்டும். மட்கார்டின் உட்புறம், டயர் இடுக்கு, ரேடியேட்டர் இதழ்கள், பிரேக் டிரம் என்று வரிசையாக நீர் அடிக்கிறார்கள். ஓடையைக் கடந்த வண்டிகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சூடாக ஓடிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே நீரை உறிஞ்சிவிடும். டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து விரலைவிட்டு எடுத்துப் பார்க்கிறார்கள். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது. அந்த வண்டி எண்ணெய் மாற்றாமல் ஊர் திரும்பக் கூடாது.