செயின் நீளுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்

"செயின் இழுத்துவிட்டது" என்பது சைக்கிள் வைத்திருப்போர் அனைவரும் சொல்லும் சொல். மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் கரும்புக் கொல்லைக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்வார்; திருக்கனூரில் பஸ்ஸைப் பிடிக்க விரைந்து மிதிக்கும் மாணவரும் அதைத்தான் சொல்வார். செயின் நீள்கிறது என்பது உண்மையே. ஆனால் மனிதன் மிதிக்கும் வலுவுக்கு எஃகுத் தகடு ரப்பரைப் போல இழுபட்டுவிடாது. செயின் தேய்வதால்தான் நீள்கிறது. தேய்ந்த பொருள் குறையத்தானே வேண்டும், அது எவ்வாறு நீளும்?

விடை செயினின் மூட்டுக்குள்ளே இருக்கிறது. இன்று நாம் காணும் உருளைச் செயினுக்கு 1880இல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்ட். அதன் ஒவ்வொரு மூட்டிலும் நடுவே ஒரு முளை, முளையைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷின் மேல் ஓர் உருளை. ஒரு முளையின் மையத்திலிருந்து அடுத்த முளையின் மையம் வரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அம்பத்தூரில் செய்த சைக்கிளாயினும் லூதியானாவில் செய்ததாயினும் ஜப்பானில் செய்ததாயினும் இந்த அரை அங்குலம் மாறுவதில்லை.

செயின் பல்சக்கரத்தில் ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் மூட்டு மடங்குகிறது. 18 பற்கள் உள்ள பின்சக்கரத்தில் 20 பாகை மடங்கும். 44 பற்கள் உள்ள முன்சக்கரத்தில் 8 பாகைக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு மடக்கிலும் முளை புஷ்ஷுக்குள் உராய்கிறது. முளையின் ஒரு பக்கமும் புஷ்ஷின் உட்சுவரும் கரைகின்றன. கரைந்த இடம் வெற்றிடமாகிறது. இழுக்கும்போது அந்த அளவுக்குக் கண்ணிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இரும்பு குறைகிறது, நீளம் கூடுகிறது.

எவ்வளவு தேய்ந்தால் கெடுதல் என்று கேட்டால் வியப்பாக இருக்கும். அரை விழுக்காடு என்பது கண்ணி ஒன்றுக்குச் சராசரியாக 0.06 மி.மீ. மட்டுமே. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம்! 110 கண்ணிகளில் அது சேர்ந்து 7 மி.மீ. ஆகிவிடுகிறது.

நம் பக்கத்து மண் இதற்குப் பெரிதும் துணை செய்கிறது. சங்கராபரணிக் கரையோரத்து வண்டிப்பாதையில் எழும் மணல், எண்ணெய் பூசிய செயினில் ஒட்டி, அரைக்கும் விழுதாகி உள்ளே புகுகிறது. எஞ்சினில் ஓடிக் கறுத்த பழைய ஆயிலைச் செயின் முழுவதும் ஊற்றுவோர் பலர். மினுமினுப்பு நன்றாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தியபின், உருளைக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே உள்ளதைத் துணியால் துடைத்துவிடுவதே சரியானது. எண்ணெய் வேண்டியது மூட்டுக்குள்ளேதான்.

கண்ணி நீண்டதும் பல்லின் இடைவெளியோடு பொருந்தாது. உருளை பள்ளத்தில் அமராமல் பல்லின் மேற்புறம் ஏறி நிற்கிறது. பல பற்கள் பகிர்ந்து சுமந்த சுமை ஓரிரு பற்களின்மேல் விழுகிறது. நாளடைவில் பல், கருக்கரிவாளின் பல்லைப்போல ஒருபுறமாகச் சாய்ந்து கூர்மையாகிறது. சிறிய பின்சக்கரமே முதலில் பாழாகும். முன்சக்கரம் ஒருமுறை சுற்றும்போது அது ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றுகிறதல்லவா!

இந்நிலையில் நாம் செய்வது என்ன? பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முறுக்குகிறோம். அதற்கும் இடமில்லாதபோது ஒரு ஜோடிக் கண்ணியைக் கழற்றி எடுக்கிறோம். தொய்வு போய்விடும், தேய்மானம் போகாது. எஞ்சியுள்ள கண்ணிகள் யாவும் நீண்ட கண்ணிகளே. கணக்குப் போட்டால் இன்னொன்றும் விளங்கும். ஒரு ஜோடி என்பது ஓர் அங்குலம். 110 கண்ணிச் செயினில் ஓர் அங்குலம் மிச்சமாக வேண்டுமானால் அது 1.8 விழுக்காடு நீண்டிருக்க வேண்டும். ஒரு விழுக்காட்டிலேயே மாற்றியிருக்க வேண்டிய செயின் அது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என்னைப் பஸ் நிறுத்தம் வரை சேர்க்கும் அப்பாவின் சைக்கிளில் 24 கண்ணிகளை அளந்தேன். 304.8 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 311 இருந்தது. அதில் ஒரு ஜோடி முன்பே எடுத்தாகிவிட்டது.

பழைய சைக்கிள் இத்தனையையும் பொறுத்துக்கொள்ளும். கியர் சைக்கிள் பொறுக்காது. செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவிக்குப் பிரெஞ்சு மொழியில் 'தெராயோர்' என்று பெயர். தடம்புரளச் செய்வது என்று பொருள். புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு அந்த மொழி அந்நியமன்று. 1937இல்தான் டூர் தெ பிரான்ஸ் போட்டியில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதற்குமுன் மேடு வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஓட்டினார்கள்.

இக்கருவியில் ஸ்பிரிங் வைத்த ஒரு கை உண்டு. தொய்வு எவ்வளவு வந்தாலும் அது இழுத்துக்கொள்ளும். இங்கேதான் ஆபத்து. பழைய சைக்கிளில் செயின் கவரில் டக் டக்கென்று அடித்து, தன் முதுமையைத் தானே சொல்லிவிடும். கியர் சைக்கிளில் அந்த ஓசை இல்லை. ஒருநாள் மதகடிப்பட்டு நெடுஞ்சாலையில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல் தாண்டும். கால் வெற்றிடத்தில் இறங்கும். மிதித்தவர் ஹேண்டில்பாரின் மேல் விழுவார். பின்னால் பஸ் வரும் சாலை அது.

பழைய கியர் சைக்கிளை மலிவாக வாங்கி, அதில் சாதாரணச் செயினை மாட்டச் சொல்வோரையும் காண்கிறோம். "இரண்டும் அரை அங்குலந்தானே" என்பது அவர்கள் வாதம். நீளம் ஒன்றுதான், அகலம் வேறு. சாதாரணச் செயினின் உள் அகலம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆறு, ஏழு, எட்டுப் பல்சக்கரங்கள் உள்ள கியர் சைக்கிளுக்கு முப்பத்திரண்டில் மூன்று பங்கு. ஏழு சக்கரத் தொகுதியில் அடுத்தடுத்த சக்கரங்களுக்கிடையே மையத்திற்கு மையம் 5 மி.மீ. மட்டுமே. அகலச் செயின் பக்கத்துச் சக்கரத்தில் உரசும். கியரும் ஒழுங்காக மாறாது. ஏழுக்கும் எட்டுக்கும் ஒரே செயின் போதும். அதன் வெளி அகலம் சுமார் 7.1 மி.மீ. ஒன்பதுக்கு 6.6, பத்துக்கு 6, பதினொன்றுக்கு 5.5 என்று குறைந்துகொண்டே போகும். ஆகவே கடையில் கேட்கும்போது பின்னாலுள்ள சக்கரங்களை எண்ணிச் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் பெருக்கி "இருபத்தொரு கியர்" என்று சொன்னால் பயனில்லை.

அளப்பது எளிது. ஓரடி எஃகு அளவுகோல் போதும். பெடலை அழுத்திச் செயினை விறைப்பாக்கி, ஒரு முளையின் இடது ஓரத்தில் சுழியை வைத்து, அங்கிருந்து 24ஆவது முளையின் இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும். சாதாரணச் சைக்கிளில் 308 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டும். ஏழு, எட்டுச் சக்கரங்களுக்கு 307. பதினொன்றுக்கு 306 வந்தாலே போதும். ஒரு செயினின் விலை, பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றும் செலவில் சிறு பங்கே. புதுச் செயின் மாட்டியபின் நாம் அதிகம் பயன்படுத்தும் சக்கரத்தில் மட்டும் அது பல் தாண்டினால், அந்தச் சக்கரம் பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்துவிட்டது என்று பொருள். அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.